நடுவிலிருந்து அளப்பவன்

எங்கள் வீட்டில் ரேடியஸ் என்ற சொல்லுக்கு நான்கு சொந்தக்காரர்கள். நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். எனக்கு அது முழங்கைக்குக் கீழே கட்டைவிரல் பக்கமாக ஓடுகிற எலும்பு. அண்ணி மருந்துக் கடையில் போன் எடுப்பவள். கடையைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால் மருந்து தேடிப் போகும். அதற்கு அப்பால் இருந்தால், "நீங்க எங்க ரேடியஸ்ல வரலீங்க" என்று தேனொழுகச் சொல்லிப் போனை வைத்துவிடுவாள். அண்ணன் மகளுக்கு அது கணக்குப் பாடம். அவள் புத்தகத்தில் ஆரம் என்று போட்டிருக்கும். "ஆரமா? கழுத்துல போடறதாச்சே, உங்கம்மா கேட்டு நான் வாங்கித் தரலையே" என்று அண்ணன் கிண்டல் செய்வான்.

அண்ணன் கிரேன் ஆபரேட்டர். லாரி மேல் பொருத்திய பெரிய கிரேன். அவனுக்கு ரேடியஸ் என்பது கிரேன் சுழல்கிற நடு அச்சிலிருந்து கொக்கி தொங்குகிற இடம் வரைக்கும் தரையில் உள்ள தூரம். அந்தத் தூரம் கூடக்கூடத் தூக்கக்கூடிய எடை குறைந்துகொண்டே போகும். பக்கத்தில் இருந்தால் யானையைத் தூக்குகிற கிரேன், தூரத்தில் நீட்டினால் கன்றுக்குட்டிக்கே தடுமாறும். கேபினுக்குள் அவன் தலைக்கு மேலே அந்தக் கணக்கெல்லாம் அட்டையாக ஒட்டியிருக்கும்.

இந்த நான்கு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். யார் அந்தச் சொல்லை எடுத்தாலும் அண்ணன் ஒரே கேள்வியைத்தான் கேட்பான்: "எங்கேயிருந்து அளக்கறே?" அண்ணி கடை வாசலிலிருந்தா, கடையின் பின்கட்டிலிருந்தா என்று கூடக் கேட்டிருக்கிறான். மகளின் காம்பஸில் திருகு தளர்ந்து, பென்சில் கால் நழுவி, வட்டம் தொடங்கிய இடத்தில் வந்து சேராமல் போனபோது, பிள்ளை அழுதுகொண்டிருக்க இவன் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்துவிட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதையும் அளந்து பார்க்காமல் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டான் என்று நான் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். அவனுடைய கம்பெனியில் அவனுக்கு 'நிதானம்' என்று பெயர். கூப்பிடும்போதே, "ஏய், நிதானம் வந்தாச்சா?" என்பார்கள்.

அவனுக்கு ஒரு ஜோடி உண்டு. கீழே நின்று சைகை காட்டுகிறவர். மேலே ஏற்று, இறக்கு, வலப்பக்கம் திருப்பு, நிறுத்து எல்லாம் அவர் கையில்தான். அவருக்குக் கைகாட்டி என்றே பெயர். நெட்டையான ஆள், பேச்சு குறைவு, கை மட்டும் எப்போதும் பேசிக்கொண்டிருக்கும். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் கூட, போதும் என்பதற்கு உள்ளங்கையைத் தரையைப் பார்க்க நீட்டி இப்படியும் அப்படியும் ஆட்டுவார். பரிமாறுகிறவர் மிரண்டு போவார். கம்பெனியில் இந்த இரண்டு பேரையும் பிரிக்க மாட்டார்கள். ஒருவர் லீவு போட்டால் மற்றவருக்கும் பெரும்பாலும் அன்றைக்கு வேலை கிடையாது.

அவர்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. வேலை தொடங்கும் முன் கைகாட்டி டேப் பிடித்து அளப்பார். ஆனால் கிரேனின் நடு அச்சு வண்டியின் வயிற்றுக்குள் இருக்கிறது, அங்கே டேப் போகாது. அதனால் கிரேன் சாயாமலிருக்கப் பக்கவாட்டில் நீட்டி ஊன்றுகிற இரும்புக் காலிலிருந்து அளந்து, எண்ணைச் சத்தமாகச் சொல்லுவார். காலிலிருந்து நடு அச்சுக்கு மூன்று மீட்டர். அதை மேலே இருக்கிற அண்ணன் மனதில் கூட்டிக்கொள்வான். எட்டு என்றால் பதினொன்று. சில நாள் அவசரத்தில் கைகாட்டியே கூட்டிச் சொல்வதும் உண்டு. எந்த நாள் எது என்று அவர்கள் பேசிக்கொண்டதில்லை. பழகிப் போனவர்களுக்குள் பேச்சு எதற்கு என்று இருந்துவிட்டார்கள்.

அந்த நாள் ஒரு பழைய கட்டடத்தின் மொட்டை மாடிக்கு இரும்புத் தண்ணீர்த் தொட்டி ஏற்ற வேண்டியிருந்தது. தெரு முனை குறுகல். அவ்வளவு நீள வண்டி திரும்ப இடம் போதவில்லை. முன்னே பின்னே எடுத்துப் பார்த்து, கடைசியில் கட்டடத்தை விட்டு நன்றாகத் தள்ளியே நிறுத்தினார்கள். கைகாட்டி அளந்தார். "பதினொண்ணு!" என்று கத்தினார். வழக்கமாக எட்டு, ஒன்பது என்று வருகிற எண். பதினொன்று என்றதும் அண்ணன், சரி, இன்றைக்கு அவனே கூட்டிவிட்டான் என்று நினைத்தான். அட்டையைப் பார்த்தான். பதினொன்றுக்கு அந்தத் தொட்டி தாங்கும். உண்மையில் அது பதினான்கு.

தொட்டி தரையை விட்டுக் கிளம்பி, திரும்பி, இரண்டாம் மாடி உயரத்துக்கு வந்தபோது பின்பக்கத்து இரும்புக் கால்கள் மண்ணை விட்டு எழுந்தன. கைகாட்டி அதைப் பார்த்துவிட்டு ஓடினார். அவர் நின்றிருந்த இடத்தில்தான் தொட்டி விழுந்தது. கிரேன் சாய்ந்து எதிர்ச்சுவரில் முட்டி நின்றது. கேபினுக்குள் அண்ணனின் வலது கை கதவுக்கும் லீவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. ஒரு உயிரும் போகவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கிய யானையின் கீழே மனிதர் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அவனை என் அறைக்குத்தான் தள்ளிக்கொண்டு வந்தார்கள். எத்தனையோ பேர் கையை அந்த மேஜையில் வைத்திருக்கிறேன். என் அண்ணன் கையைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை. பக்கத்து அறைக்காரியைக் கூப்பிடலாமா என்று பார்த்தேன். அவன்தான், "நீயே எடு. தெரியாத கை பட்டா இன்னும் வலிக்கும்" என்றான். எடுத்தேன். படம் திரையில் வந்ததும் எட்டிப் பார்த்தான்.

"எந்த எலும்பு?"

"ரேடியஸ். மணிக்கட்டுக்குக் கிட்ட."

அந்த வலியிலும் சிரித்தான். "அதேதான் காலையிலயும் உடைஞ்சுது" என்றான். எனக்கு அப்போது புரியவில்லை. அப்புறம் தனியாக மூலையில் போய் அழுதேன்.

கைகாட்டி ஆஸ்பத்திரி வாசல் வரை வந்தார், உள்ளே வரவில்லை. வீட்டுக்கும் வரவில்லை. எங்கள் தெரு முனையில் சில சாயங்காலங்களில் நெட்டையாக ஓர் உருவம் நிற்கும், ஜன்னல் வெளிச்சத்தைப் பார்க்கும், திரும்பிப் போய்விடும். அண்ணிக்கு அவர் பேச்சை எடுத்தாலே கொதித்தது. "கூட்டத் தெரியாத மனுஷன். இந்த வீட்டைச் சுத்தி அஞ்சு கிலோமீட்டருக்குள்ள வரக்கூடாது, சொல்லி வைங்க" என்பாள். அண்ணன் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

கம்பெனியில் விசாரணை நின்று போயிருந்தது. யார் தப்பு என்று அண்ணன் வந்து சொன்னால்தான் மேலே நகரும். அதுவரைக்கும் கைகாட்டிக்கு வேலை இல்லை. முதலாளி கெட்டவர் அல்ல. "நிதானம் திரும்பி வரட்டும், கையை நல்லா ஓட்டிக் காட்டட்டும், ரெண்டு பேரையும் பழையபடி சேர்த்துக்கறேன். அவன் வரலேன்னா மத்தவனை மட்டும் வெச்சு நான் என்ன பண்றது?" என்று சொல்லி அனுப்பினார். ஆக, அண்ணன் கை தேறினால் இரண்டு குடும்பமும் தேறும். தேறாவிட்டால் இரண்டும் தெருவில். எங்கள் வீட்டில் எல்லோரும் அந்த ஒரு கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கட்டுப் பிரித்த அன்று மறுபடி படம் எடுத்தேன். எலும்பு சேர்ந்திருந்தது, ஆனால் நேராக இல்லை. மணிக்கட்டுப் பக்கத்து முனை பின்பக்கமாகச் சாய்ந்தே ஒட்டியிருந்தது. நமது முன்கையில் இரண்டு எலும்புகள். சுண்டுவிரல் பக்கத்தில் இருப்பது அசையாமல் நிற்கும். ரேடியஸ் அதைச் சுற்றித் திரும்பும். சாவி திருப்புவது, உள்ளங்கையை விரித்துக் காட்டுவது, எல்லாம் அந்தத் திரும்பலில்தான் நடக்கிறது. அண்ணன் கை பாதி திரும்பியதும் நின்றுவிட்டது. அதற்கு மேல் அது அவன் பேச்சைக் கேட்கவில்லை.

டாக்டர் ஒளிக்காமல் பேசினார். "சாப்பிடறது, எழுதறது, சின்ன சாமான் தூக்கறது, எல்லாம் முடியும். மறுபடி உடைச்சுத் தகடு வைக்கலாம். ஆனா நரம்புல அடி பட்டிருக்கு, பழைய கை வரும்னு நான் வாக்குக் கொடுக்க முடியாது."

"கிரேன்?" என்றான் அண்ணன்.

"நான் கிரேன் ஓட்டினதில்லை. அதை நீங்கதான் சொல்லணும்."

அதன்பிறகு அண்ணன் பயிற்சியில் இறங்கினான். ரப்பர் பந்தை அழுத்துவான். கதவுக் குமிழைத் திருப்புவான், மறுபடி திருப்புவான். நான் வேலை முடிந்து வந்தால் அந்தக் கிறீச் சத்தம்தான் என்னை வரவேற்கும். வியர்த்து வடியும். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "விட்டுத் தொலையேண்டா அண்ணா, கதவு கையோட வந்துடப் போகுது" என்று கத்திவிட்டேன். அவன் குமிழை விடாமலே சொன்னான்: "அவன் வீட்டுல ரெண்டு பிள்ளைங்க. நான் ஏறலேன்னா அவன் எங்கே நிப்பான்?"

குமிழுக்கு எண்ணெய் போட்டுக் கொடுத்தேன்.

ஓட்டிக் காட்ட வேண்டிய நாள் வந்தது. முந்தின நாள் அண்ணன் என்னிடம், "நீ கூட வா. அங்கே எல்லாரும் கொக்கியைப் பார்ப்பாங்க. நீ என் கையைப் பாரு" என்றான். லீவு போட்டுவிட்டுப் போனேன்.

கம்பெனி வளாகம் பெரிய மண் தரை. ஒரு பக்கம் டயர்கள், சுருட்டிய கம்பி வடங்கள், துருப்பிடித்த கொக்கிகள். நடுவில் கிரேன், நான்கு இரும்புக் கால்களை ஊன்றி நின்றது. தூரத்தில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். இரும்பு எடைக்கட்டியைத் தூக்கி, ஒரு தடுப்புக்கு மேலாகக் கொண்டுபோய், அந்த வட்டத்துக்குள் கோட்டைத் தொடாமல் இறக்க வேண்டும். முதலாளி குடை பிடித்துக்கொண்டு நின்றார். கைகாட்டி வட்டத்துக்குப் பக்கத்தில் நின்றார். இளைத்திருந்தார். எங்களைப் பார்த்து வணக்கம் சொல்ல எடுத்த கை பாதியில் நின்றது.

அண்ணன் ஏறி உட்கார்ந்தான். கேபின் கண்ணாடி வழியே நான் அவன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எடை கிளம்பியது. இடது கை லீவரைத் தள்ள, கிரேனின் நீண்ட இரும்புக் கை மெதுவாகத் திரும்பியது. அழகாகத்தான் இருந்தது. இறக்க வேண்டிய நேரம் வந்தபோது அவன் வலது முழங்கை விலாவை விட்டு வெளியே வந்தது, தோள் காது வரைக்கும் ஏறியது. மணிக்கட்டு செய்ய வேண்டியதைத் தோள் செய்துகொண்டிருந்தது. தெரியாதவருக்கு, மனிதர் கொஞ்சம் முனைப்பாக உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் படும். கைகாட்டி உள்ளங்கையைத் தரையைப் பார்க்க நீட்டி ஆட்டினார். எடை இறங்கி நின்றது. வட்டத்தின் நடுவில், கோட்டைத் தொடாமல்.

எல்லோரும் கை தட்டினார்கள். முதலாளி குடையை மடக்கி, "நிதானம்னா நிதானம்தான்! திங்கட்கிழமை வந்துடுங்க ரெண்டு பேரும்" என்றார். எனக்குக் கூட ஒரு கணம், நான் பார்த்த தோளை மறந்துவிடலாம் என்று தோன்றியது. யார் கேட்கப் போகிறார்கள்? ஜெயித்தாயிற்று. எத்தனை நாள் கழித்து எங்கள் வீட்டில் சிரிப்புக் கேட்கும்!

அண்ணன் இறங்கி வந்தான். முதலாளியிடம் போகவில்லை. நேரே கைகாட்டியிடம் போனான். விபத்துக்குப் பிறகு இரண்டு பேரும் எதிரெதிரே நிற்பது அதுதான் முதல் தடவை.

"நீ எப்போ நிறுத்தச் சொன்னே?" என்றான்.

"எடை தரைக்கு வந்ததும்."

"வர்றதுக்கு முன்னாடி. தரைக்கு இன்னும் ஒரு முழம் இருந்துது. கையை அப்பவே நீட்டிட்டே."

கைகாட்டி சுண்ணாம்புக் கோட்டைக் காலால் தேய்த்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற முகம் அவருக்கு என்றைக்குமே கிடையாது.

"உன் கை நிக்கறதுக்கு ஒரு நொடி லேட்டாவுது. ஏறும்போதே பார்த்துட்டேன். அந்த ஒரு நொடியை நான் முன்னாடியே கூட்டிக்கிட்டேன்" என்றார். பிறகு அடங்கின குரலில், "அன்னைக்குக் கூட்டாம விட்டவன் நான். இன்னைக்காவது கூட்டக் கூடாதா?"

அண்ணன் கண் கலங்கியதை நான் பார்த்தேன். எங்கள் அப்பா செத்தபோது கூட அவன் வெளியே காட்டிக்கொள்ளாதவன்.

"அன்னைக்கு நீயும் கூட்டல, நானும் கூட்டல. நீ கூட்டினேன்னு நான் நினைச்சேன்."

"நீ கூட்டுவேன்னு நான் நினைச்சேன்."

"இன்னைக்கு நீ கூட்டினே, என்கிட்ட சொல்லல. அதுவும் அதே தப்புத்தான்டா. நாளைக்கு உனக்குக் காய்ச்சல், வேற ஒருத்தன் வந்து நிக்கறான். அவனுக்குத் தெரியுமா என் கைக்கு ஒரு நொடி கூட்டணும்னு? இல்ல, மறுபடி நீயே நிக்கறே, தொட்டி தலைக்கு மேல இருக்கு. அந்த ஒரு நொடியில நீ எங்கே ஓடுவே?"

"ஓடிடுவேன்டா. முன்னாடி ஓடினேன்ல?"

"நான் பார்த்தேன் நீ ஓடினதை" என்றான் அண்ணன். "ஒண்ணும் பண்ண முடியாம மேலேயிருந்து பார்த்தேன். இன்னொரு தடவை பார்க்க மாட்டேன்."

முதலாளியின் அறைக்கு மூன்று பேரும் போனோம். அண்ணன் உட்காரவில்லை. தான் இனி ஏறப்போவதில்லை என்றான். முதலாளிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "வட்டத்துக்குள்ளதானேப்பா வெச்சே? நான் கண்ணால பார்த்தேனே!"

"நான் வைக்கல, ஐயா. இவன் வெச்சான்."

பிறகு விசாரணைக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னான். அளப்பது கைகாட்டி வேலை, கூட்டுவது ஆபரேட்டர் வேலை. நடு அச்சின் மேல் உட்கார்ந்திருப்பவன் நான், எங்கேயிருந்து அளந்தாய் என்று கேட்டிருக்க வேண்டியவனும் நான், அன்றைக்குக் கேட்கவில்லை என்றான். கைகாட்டி குறுக்கே பேச வாயெடுத்தார். அண்ணன் இடது கையை, உள்ளங்கை தரையைப் பார்க்க நீட்டி, இப்படியும் அப்படியும் ஆட்டினான். கைகாட்டி நிறுத்திக்கொண்டார்.

வீட்டில் ஆயிரம் கேள்வி கேட்கிறவன், வேலையில் ஒரு நாள் கேட்காமல் விட்டிருக்கிறான். அது அவனை எப்படி அரித்திருக்கும் என்று எனக்கு அந்த அறையில்தான் தெரிந்தது. கதவுக் குமிழோடு மல்லுக்கட்டியதை நான் பிடிவாதம் என்று நினைத்திருந்தேன்.

முதலாளி கைகாட்டியை வைத்துக்கொண்டார். இன்னொரு ஆபரேட்டரோடு சேர்த்துவிட்டார். அண்ணனுக்குத் தரையில் வேலை கொடுத்தார், வடம் கட்டுவது, கொக்கி மாட்டுவது, தூரம் அளப்பது. சம்பளம் குறைவு. அண்ணி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே, "உங்க கூட்டாளியை ஒரு நாள் சாப்பிடக் கூப்பிடுங்க, எத்தனை நாள் தெரு முனையிலயே நிப்பாரு?" என்றாள். கைகாட்டி வந்தார். அண்ணன் மகள் தண்ணீர் டம்ளரை நீட்டியபோது, அண்ணன் வலது கையை விரித்து வாங்க முடியாமல் தடுமாறியதைப் பார்த்து, குனிந்து சாப்பிட ஆரம்பித்தவர் நிமிரவே இல்லை. அண்ணி போதும் போதும் என்கிற அளவுக்குப் பரிமாறினாள். அவர் கையை ஆட்டவே இல்லை.

கொஞ்ச நாள் கழித்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஒரு கட்டடத்தில் அவர்கள் வேலை செய்வதைப் பார்த்தேன். கேபினில் யாரோ புது ஆள். கீழே என் அண்ணனும் கைகாட்டியும். அண்ணன் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினான்: "கால்லேயிருந்து ஒன்பது! கூட்டல! மூணு நீ கூட்டு!" மேலேயிருந்து, "பன்னெண்டு!" என்று பதில் வந்தது. இப்போது அந்தக் கம்பெனியில் எல்லோரும் அப்படித்தான் கத்துகிறார்களாம். வேலை நேரம் வீணாகிறது என்று முதலாளி முணுமுணுப்பாராம், ஆனால் நிறுத்தச் சொல்வதில்லை.

நான் வேலிக்கு வெளியே நின்றேன். இரும்புத் தூண் ஒன்று எழும்பி அவர்கள் பக்கமாகத் திரும்பியது. அதன் நிழல் இருவர் மேலும் விழுந்து, தரையில் நகர்ந்து போனது. அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். எத்தனையோ வருஷம் மேலேயிருந்து தூக்கியவன், தூக்கியது தன் பக்கம் வருவதை அதுவரை பார்த்ததில்லை. அவன் கை தானாகப் போய்க் கைகாட்டியின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டது. தூண் இறங்கி அமர்ந்த பிறகுதான் விட்டான்.

"இத்தனை வருஷமும் இங்கேதான் நின்னியா?"

"வேற எங்கே நிக்கறது?"

"பயமா இருந்ததில்லையா?"

கைகாட்டிக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை போலிருந்தது. "மேல நீதானேடா இருந்தே" என்றார்.

அண்ணன் குனிந்து டேப்பைச் சுருட்ட ஆரம்பித்தான். வலது கை திரும்ப மறுத்தது. இடது கைக்கு மாற்றிக்கொண்டு சுருட்டினான்.